புஷ்பக விமானத்துக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

விமானம் பற்றி யார் பேச்செடுத்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஒருத்தர், "அதெல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு" என்பார். சரிங்க, இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். இன்றைய விதிப்படி புஷ்பக விமானத்தைப் பறக்க விடுவார்களா?

முதலில் ஓனர் யார்? (பி.காம் படிக்கிறவன் வேறு எங்கே ஆரம்பிப்பான்!) வண்டி குபேரனுடையது. தம்பி ராவணன் அடித்துப் பிடுங்கிக்கொண்டான். 1930-ஆம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டப்படி, தனக்கே உரிமையில்லாத பொருளை ஒருவன் அடுத்தவனுக்கு உரிமையாக்க முடியாது. ராவணனுக்கு இல்லாத டைட்டில் விபீஷணனுக்கு மட்டும் எப்படி வரும்? ராமர் விவரமானவர். அயோத்தியில் இறங்கியதும் வண்டியைக் குபேரனுக்கே அனுப்பிவிட்டார். மெர்க்கன்டைல் லா பேப்பரில் அவருக்கு அரியர் விழாது :-)

அடுத்தது சீட். எத்தனை பேர் ஏறினாலும் ஓர் இடம் காலியாகவே இருக்குமாம். பெரிய பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், பாதி வாசல்களை மட்டும் வைத்து மொத்தக் கூட்டமும் 90 விநாடியில் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். வானரங்கள் ஒன்பதே விநாடியில் குதித்துவிடும், அது பிரச்சினையில்லை. ஆனால் முடிவே இல்லாத கூட்டத்தை எப்படி எண்ணுவது? எந்நாளும் ஒரு சீட் காலி என்றால் ஏர்லைன்ஸ் முதலாளி வேறு அழுவார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். காவியம் தாங்கும். எனக்கு எரிச்சல் 'வைமானிக சாஸ்திரம்' மேல்தான். பரத்வாஜ முனிவர் பெயரில் உலவும் இந்தப் புத்தகம், 1918 முதல் 1923 வரை சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் பொறுமையாகப் படித்துப் பார்த்து, இது 1904-க்கு முந்தையதே இல்லை, இதிலுள்ள விமானங்கள் பறக்காது என்று 1974-லேயே எழுதிவிட்டார்கள். அப்புறமும் 2015 ஜனவரியில் மும்பை அறிவியல் மாநாட்டில் அதே பரத்வாஜர் விமானக் கதை ஆய்வுரையாக ஏறியது. நாங்கள் பிராஜெக்டில் ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதினால் சிவப்பு மை. அங்கே மேடை! வால்மீகிக்கு ஏன் பொய்யாக ஒரு இன்ஜினியர் பட்டம்? கவிஞர் என்பது போதாதா?

பக்தியும் விமான விதியும் நேர்மையாகவே பேசிக்கொள்ளலாம். இருமுடித் தேங்காயைப் பாருங்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்று கைப்பையில் தேங்காய்க்குத் தடை. 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்களுக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை விலக்கு கொடுத்தார்கள், எக்ஸ்ரே உள்ளிட்ட சோதனைகளோடு. 'வேதகாலத் தேங்காய் தீப்பிடிக்காது' என்று யாரும் ஆய்வுக்கட்டுரை வாசிக்கவில்லை. சாமிகள் இருமுடியை மெஷினில் விட்டார்கள், மறுபக்கம் எடுத்துக்கொண்டார்கள், சரணம் சொல்லிக்கொண்டு ஏறினார்கள்.