நெகிழ்ந்த கயிறு

வைரவர் கோயில் இல்லாத ஊர் வன்னியில் அரிது. நாயை ஊர்தியாகக் கொண்ட அக்கடவுளுக்கு வடைமாலை சாத்தி வணங்கும் நாமே, நம் வளவில் வாழும் நாயைப் பகல் முழுதும் குறுஞ்சங்கிலியிற் பிணித்து வைக்கின்றோம். அன்றேல் படலையைத் திறந்து ஒழுங்கையில் அலையவிடுகின்றோம். ஓயாது கட்டுண்ட நாய் கடிநாயாகிறது. கட்டற்ற நாய் ஏ-9 வீதியில் வாகனத்தில் அடிபடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. நாயைக் கயிற்றிற் கொண்டு அமைதியாக நடக்கப் பழக்குதலே அது. இதனை நகரத்துச் செல்வரின் பொழுதுபோக்கென நகைப்போர் உளர். யான் அவ்வாறு கருதேன்.

விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தோர் மிக மிக அரியர். அதனைத் தடுக்க ஊசி உண்டு. ஆயினும், தடுப்பூசி இடுவோர் ஊருக்கு வரும் நாளில் நடப்பது யாது? கயிறு அறியாத நாய் வேலி பாய்ந்து ஓடுகிறது, துரத்திப் பிடிப்பவன் கடியுண்கிறான், ஊசியும் தவறுகிறது. கயிற்றில் நடக்கக் கற்ற நாயையோ ஒரு சிறுமியும் அழைத்துச் செல்லலாம்.

பழக்கும் முறை எளிது, பொறுமையே அரிது. கயிற்றை நாம் இழுத்தால் நாய் எதிர்த்து இழுக்கும். அஃது அதன் செருக்கன்று, உடலின் இயல்பு. அது இழுத்தபோதெல்லாம் நாம் பின்னே சென்றால், இழுப்பதே முன்செல்லும் வழியென அது கற்றுக்கொள்ளும். ஆதலால், கயிறு இறுகியவுடன் நின்றுவிடுக. அதட்டலும் வேண்டா, அடியும் வேண்டா. நாய் திரும்பி நோக்கிக் கயிறு நெகிழும் கணத்தில் அடியெடுத்து வைக்குக. காலருகே ஒழுங்காக வரும்பொழுது உண்பதற்குச் சிறிது கொடுத்துப் பாராட்டுக. முதலில் வளவுக்குள், பின்பு ஒழுங்கையில், அதன்பின் வீதியில் என, நாளும் சிறுபொழுது பழக்குதல் போதும். வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கைக்கொள்ளல் வேண்டும்.

இது வெறும் ஏட்டுரையன்று. கண்ணிவெடி தேடும் நாய்களை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவனம் அத்தகைய நாய்களை இலங்கைக்கும் வழங்கியது. நீண்ட கயிற்றின் ஒரு முனையில் நாய், மறுமுனையில் நடத்துநர். நாய் நேர்கோட்டில் மெல்ல நடந்து நிலத்தை முகரும். வெடிமருந்தின் மணம் பட்டதும் அமர்ந்து உணர்த்தும். அங்கே ஒரு பாய்ச்சல் உயிரைக் குடிக்கும். அந்த அமைதியை அடியால் ஊட்டுதல் இயலாது. விளையாட்டும் பாராட்டுமே அதனை ஊட்டுகின்றன. 2009 இல் போர் ஓய்ந்தபின் நம் மண்ணிற் கண்ணிவெடி அகற்றும் பணி எத்துணை நுண்ணியது என்பதை முகமாலையைக் கண்டோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

‘அடியாத மாடு படியாது’ என்பர் சிலர். நட்புக்கு யானையை விலக்கி நாயை உவமையாகக் கொண்டது நாலடியார். அடித்தும் நாய் நம்மைப் பிரியாதிருப்பது அதன் பண்பேயன்றி, நம் முறையின் வெற்றியன்று. வகுப்பறையிற் பல்லாண்டு நின்றவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: அச்சத்தாற் பிறந்த அமைதி, ஆசிரியர் முதுகு திரும்பும்வரையே நிற்கும். பழக்கத்தாற் பிறந்த அமைதியோ அவர் இல்லாதபோதும் நிற்கும்.

ஆகவே, சனசமூக நிலையங்களும் பாடசாலைகளும் இப்பயிற்சியைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நன்று. ஒரு கழுத்துப்பட்டியும் ஒரு முழுக் கயிறும் எவர்க்கும் பெருஞ்செலவல்ல. நாய் கற்பது நடை; அதனைப் பழக்கும் பிள்ளை கற்பதோ, தன்னினும் எளிய உயிரிடம் அதிகாரம் செலுத்தும் முறை. போர் கண்ட நம் மண்ணுக்கு அக்கல்வி மிகவும் வேண்டற்பாலது.