சர்க்கரைச் சீட்டில் ஒரு 'முன்னே பின்னே'

சகோதரிகளே, ரத்தத்தில் சர்க்கரை பார்த்த சீட்டு கைக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? எண்ணைப் பார்த்து உடனே சந்தோஷப்படுகிறோம், அல்லது உடனே கலங்கிப் போகிறோம். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் என்றால் வியாதி, 125 என்றால் இல்லை என்று நினைப்பு!

எதிர்வீட்டு மாமிக்கு வீட்டு மெஷினில் 141. அன்று காலையிலேயே லேபில் 127. "யாரோ ஏமாத்தறா" என்று மாமிக்கு ஒரே கோபம். லேபில் வேலை பார்க்கும் என் அண்ணா பெண்ணிடம் கேட்டேன்.

"யாரும் ஏமாத்தலை, அத்தை. வீட்டு மெஷின் 100-க்கு மேலே போனா, லேப் கணக்கைவிட 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம். நூத்துக்கு 95 தடவை அதுக்குள்ள இருந்தாப் போதும்னு 2013-ல வந்த ஐ.எஸ்.ஓ. விதியே சொல்றது" என்றாள்.

லேப் எண்ணுக்கும் முன்னே பின்னே உண்டாம். ஒரே மாதிரி சாம்பிளைத் தினமும் ஓட்டிப் பார்த்தால் எண் கொஞ்சம் ஆடும். அது 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினைச் சரிபார்க்கும் கரைசலின் சந்தேகம் 1.5. இரண்டும் ஒரே பக்கம் முழுசாய்ச் சாய்வது அபூர்வம் என்பதால் அப்படியே கூட்டுவதில்லை. வர்க்கங்களைக் கூட்டினால் 4-ம் 2.25-ம் 6.25, வர்க்கமூலம் 2.5. இதை இரட்டித்தால் 5. அதாவது 127 என்பது 122 முதல் 132 வரை எதுவாகவும் இருக்கலாம்!

அதனால்தான் வேறு அறிகுறி இல்லாதபோது, ஒரே சீட்டை வைத்து டாக்டர்கள் முடிவு கட்டாமல், இன்னொரு பரிசோதனையும் செய்யச் சொல்கிறார்கள். 124 வந்தவர்களும் "தப்பித்தேன்" என்று லட்டை எடுக்க வேண்டாம்.

நாம் செய்யக் கூடியவை: வீட்டில் பார்க்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் நறுக்கிய விரலில் ஒட்டிய இனிப்பே எண்ணை ஏற்றிவிடும். கூடுமானவரை ஒரே லேபில் பாருங்கள். எடுத்த ரத்தம் வெகுநேரம் அப்படியே கிடந்தால், அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்று எண்ணைக் குறைத்துவிடும். சீக்கிரம் பரிசோதிப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

மாமிக்கு அடுத்த வாரம் மறுபரிசோதனை. அதுவரை மாத்திரையும் வேண்டாம், மைசூர்பாகும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறார் டாக்டர்.