நிலத்திற்கும் ஒரு பங்கு

ஒருவர் தம் உழைப்பால் ஈட்டிய பொருள் தமக்குப் பின் யாரைச் சேரவேண்டும் என எழுதிவைக்கும் ஆவணம் உயில் எனப்படும். மகனுக்கு வீடு, மகளுக்கு நகை, பெயரனுக்கு நிலம் என்று அதில் பங்கு பிரிப்பது வழக்கம். கோயிலுக்கும் கல்விக்கூடத்திற்கும் ஒரு பங்கை ஒதுக்குவோரும் உண்டு. ஆனால், சோறும் நீரும் தந்த நிலத்தைக் காப்பதற்கென்று ஒரு பங்கை எழுதிவைப்போர் மிகச் சிலரே. அப்பங்கு எழுதப்படவேண்டும், அதுவும் முறையறிந்து எழுதப்படவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மலையும் சமவெளியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாதுமலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் அங்குச் சாமை முதலிய சிறுதானியங்களை விளைவித்து வாழ்கின்றனர். மலைபடுகடாம் கூறும் சேயாறு, இன்று செய்யாறு என வழங்குகிறது. ஜவ்வாதுமலையில் பிறக்கும் அது, நன்னன் ஆண்ட செங்கத்தைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மரங்கள் நிறைந்த சரிவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மரம் அற்ற சரிவில் அது மண்ணையும் சுமந்துகொண்டு ஓடிவிடுகிறது. எனவே, மலையில் நேரும் இழப்பு மலையோடு நிற்பதில்லை. அதனைச் சமவெளியின் கிணறும் வயலும் உணரும்.

ஜவ்வாதுமலை சந்தனத்திற்குப் பெயர்பெற்றது. சந்தனம் தனித்து வாழும் மரமன்று. அதன் வேர்கள் அருகிலுள்ள மரஞ்செடிகளின் வேர்களைப் பற்றி, நீரையும் சத்தையும் பெறுகின்றன. அதன் கனியை உண்ணும் பறவைகள் விதையைப் பரப்புகின்றன. மணமுள்ள வைரம் முற்றுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டுவதற்கோ ஓர் இரவு போதும். சந்தனத்தைக் காக்க விரும்புவோர் அதனைச் சூழ்ந்த காடு முழுவதையும் காக்கவேண்டும். அதுவும் தம் ஆயுளைக் கடந்த காலத்திற்குக் காக்கவேண்டும். ஒருவருடைய வாழ்நாளுக்குள் முடியாத பணிக்கு, வாழ்நாளுக்குப் பின்னும் தொடரும் கொடையே பொருத்தமானது.

முன்னோர் காட்டிய முறை

இச்சிந்தனை நமக்குப் புதிதன்று. ஏரியை வெட்டிய நம் முன்னோர் அத்துடன் நின்றுவிடவில்லை. அதனைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் ஆகும் செலவிற்கென ஏரிப்பட்டி என்னும் நிலத்தையும் ஒதுக்கினர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கு ஏரி வாரியம் என்னும் குழு இருந்ததைக் கூறுகின்றன. கொடை ஒன்று, அதன் பராமரிப்பிற்கு வருவாய் மற்றொன்று, பொறுப்பேற்க ஊரார் குழு மூன்றாவது. இம்மூன்றும் சேர்ந்தபோதே அறம் நிலைத்தது. பொருளை மட்டும் கொடுத்துவிட்டுக் காப்பவரை மறந்த கொடை, கரையில்லாத ஏரியைப் போன்றது.

கடல் கடந்த சான்று

பீட்டர் என்னும் முயலின் கதையை எழுதிக் குழந்தைகளின் உள்ளம் கவர்ந்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வாழ்ந்த அவர், அங்கிருந்த பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கினார். 1943 இல் அவர் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் 14 பண்ணைகளையும், 1895 இல் தோன்றிய தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் என்னும் அவ்வட்டாரச் செம்மறியாடுகளே தொடர்ந்து வளர்க்கப்படவேண்டும் என்றும் அவர் விரும்பி எழுதினார். நிலத்தை மட்டுமன்றி, அந்நிலத்தோடு இயைந்த உழவர் வாழ்வையும் காக்கவேண்டும் என்பது அவர்தம் எண்ணம்.

எழும் வினாக்கள்

பிள்ளைகளுக்கே போதாத நிலையில் நிலத்திற்குப் பங்கு எங்கிருந்து வரும் எனச் சிலர் வினவலாம். இவ்வினா நியாயமானதே. உள்ளதனைத்தையும் தருமாறு எவரும் கேட்கவில்லை. நூறில் ஒரு பங்கும் கொடைதான். மேலும், பிள்ளைகளுக்கு வீட்டைக் கொடுத்து, அவ்வீட்டுக் கிணற்றில் நீர் இல்லாமற்செய்வது முழுமையான சொத்தாகாது.

காட்டைக் காப்பதாகக் கூறி, அதில் வாழ்வோரை விலக்கிவிட நேருமோ என்பது இன்னொரு வினா. இவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது. வெளியூரார் மலைநிலத்தை வாங்கி வேலியிடுவதைப் பாதுகாப்பு எனக் கருதலாகாது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டையும் அதன் உயிர்வளத்தையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்கியுள்ளது. ஆகவே, செய்யாற்று நீரால் பயன்பெறும் சமவெளியினர் மலைக்கு அளிக்கும் கொடை, மண்ணை விலைக்கு வாங்குவதற்குப் பயன்படவேண்டியதில்லை. மலைமக்களின் முடிவுக்கு இணங்க நாற்றங்கால் அமைக்கவும், காட்டுத்தீயைத் தடுக்கவும், ஊற்றுகளைப் பேணவும், அப்பணிகளைச் செய்வோர்க்குக் கூலி வழங்கவும் பயன்படவேண்டும். அதுவே இக்காலத்து ஏரிப்பட்டி.

சட்டமும் இதற்கு இடம்தருகிறது. தமக்கு உரிமையான சொத்தை ஒருவர் உயிலின்வழி அறக்கட்டளைக்கு அளிக்கலாம். 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதியவரின் ஒப்பமும் சாட்சிகள் இருவரின் சான்றொப்பமும் உயிலுக்குத் தேவை. உயிருடன் இருக்கும்வரை அதனை அவர் மாற்றவும் செய்யலாம். எப்பணிக்காகக் கொடை அளிக்கப்படுகிறது, அதனை யார் நிருவகிப்பர், கணக்கை யாரிடம் காட்டுவர் என்பன தெளிவாக எழுதப்படுதல் நன்று. தெளிவற்ற நல்லெண்ணம் வழக்குமன்றத்தில் முடிவதுண்டு.

காப்பவர் பெருமை

மாணவர்களே, உயில் எழுதும் அகவையை நீங்கள் இன்னும் எட்டவில்லை. ஆயினும், எழுதுவோர் உங்கள் வீடுகளில் உள்ளனர். அவர்களோடு இதுபற்றி உரையாடுவதற்கு அகவைத் தடையில்லை. பழங்கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், இவ்வறத்தைக் காப்பவரின் திருவடிகள் தம் தலைமேல் இருப்பன எனக் கொடையாளர் கூறுவதைக் காணலாம். கொடுத்தவரே, என்றோ பிறக்கப்போகும் காவலரை வணங்கிய பெருந்தன்மை அது. அவ்வணக்கத்திற்கு உரியவர்களாக வாழ்வது உங்கள் தலைமுறையின் கடமை. அதற்கு ஏற்ற பங்கை எழுதிவைப்பது எங்கள் தலைமுறையின் கடமை.