மாப்பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கி?

போன தை மாதம் எனக்கு எழுபது வயதுக்கான பீமரத சாந்தி நடந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் இதற்காகத் திருக்கடையூருக்கு வருகிறார்கள். உள்ளூர்க்காரனான எனக்குத் தெருவைத் தாண்டினால் கோயில். காலனை உதைத்த சுவாமி சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்டு வந்து, சாப்பாடு முடிந்து திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"மாமா, மூஸ் வேட்டைக்கு எந்த ரைஃபிள் வாங்கலாம்?"

ஆயுசுக்கு வேண்டிக்கொண்டு வந்த அன்றைக்குக் கேட்கிற கேள்விதான்!

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் 24 வருஷம் ஆர்மரராக இருந்தவன் நான். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதுதான் வேலை. பழைய .303, எஸ்.எல்.ஆர்., கடைசியில் இன்சாஸ் என்று எல்லாம் என் கைவழியே போயிருக்கின்றன. ஆனால் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆகவே, நான் சொல்வது வேட்டைக்காரன் பேச்சு அல்ல, ரிப்பேர்க்காரன் பேச்சு.

மூஸ் என்றால் தெரியாதவர்களுக்கு: மான் இனத்திலேயே பெரியது. நம் மலைகளில் இருக்கும் கடமான் 200, 300 கிலோ என்றால், இது ஆண் 400, 500 கிலோ வரும். தோள் உயரமே ஆறடிக்கு மேல். மாப்பிள்ளை இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவில், பிரின்ஸ் ஜார்ஜ் பக்கம். அங்கே இலையுதிர் காலத்தில் மலைக்குப் போய் மூஸ் வேட்டையாடுவது சட்டப்படி நடப்பது. துப்பாக்கி லைசென்சுக்கு ஒரு படிப்பு, வேட்டைக்கு இன்னொரு படிப்பு, இரண்டையும் முடித்துவிட்டார். கூட வேலை பார்ப்பவர்கள் கூப்பிடுகிறார்கள்.

சிக்கல் மூஸ் இல்லை, கரடி. அந்த மலைகளில் கிரிஸ்லி கரடி உண்டு. "சின்னத் துப்பாக்கியோட போனா கரடி கிட்ட மாட்டிக்குவே" என்று நண்பர் ஒருவர் பயமுறுத்தி, தன் .338 வின்செஸ்டர் மேக்னத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். ஐந்து ரவுண்டு சுட்டாராம். தோள்பட்டை கன்றிப்போய் ஒரு வாரம் வலி.

"அஞ்சும் எங்கே போச்சு, மாப்ளே?"

"ரெண்டு அட்டையில பட்டுது மாமா. மிச்சம் தெரியல."

"அப்போ அது உங்க துப்பாக்கி இல்லை" என்றேன்.

என் கருத்து இதுதான்: கரடிக்குப் பயந்து துப்பாக்கி வாங்கக்கூடாது. தன் தோள் தாங்குவதை வாங்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒரு பையன் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வந்து, குறி எல்லாம் கீழே இடது பக்கம் போகிறது, ரைஃபிள் கோளாறு என்றான். நானும் சோதித்துப் பார்க்காமல் முன் சைட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவனுக்குப் பயம் தெளிந்தது. எல்லாக் குண்டும் மேலே வலது பக்கம் போயின! ரைஃபிளில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. வெடிக்கப் போகிறதே என்ற பயத்தில், ட்ரிகரை இழுக்கும்போதே கையை வெட்டியிருக்கிறான். நான் அவன் பயத்துக்குத் தக்கபடி சைட்டை வைத்திருக்கிறேன். மேலே இருந்தவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அதற்குப் பிறகு யார் வந்து ரைஃபிள் கோளாறு என்றாலும், அவனுக்குத் தெரியாமல் உயிர்த் தோட்டாக்களுக்கு நடுவில் ஒரு டம்மி ரவுண்டைப் போட்டுக் கொடுப்பேன். டம்மி வெடிக்காது. ஆனால் பயந்தவன் கையில் பரல் தானாகக் குதிக்கும். மறைக்கவே முடியாது. மாப்பிள்ளை வாங்கப்போவது மேக்னமோ எதுவோ, இந்தச் சோதனையில் பரல் அசையக்கூடாது. அதுதான் என் முதல் நிபந்தனை.

பெரியவர்கள் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி, இலேசான துப்பாக்கி. 1926-இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியது அதுதான். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய பெல் என்பவரும் அதே ரகத் தோட்டாவால்தான் நிறைய யானைகளைச் சாய்த்தார். எங்கே சுட வேண்டும் என்று தெரிந்தவர் அவர்.

எதிர்ப்பக்கத்திலும் ஆள் உண்டு. நம் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். தோளில் நன்றாக உதைக்கிற சாதி. பக்கத்தில் பாய்ந்து வரும் மிருகத்துக்குக் கனமான குண்டு நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்தத் துப்பாக்கி கை மாதிரி. வருஷத்துக்கு ஒரு வாரம் மலை ஏறுகிற கம்ப்யூட்டர்காரருக்கு அப்படி ஆகுமா?

கனடாவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வடக்கே பனிக்கரடி திரியும் இடங்களில் ரோந்து போகும் கனடியன் ரேஞ்சர்ஸ், 1947 முதல் எழுபது வருஷம் வைத்திருந்தது நம்ம பழைய .303 லீ-என்ஃபீல்டுதான். 2018 வாக்கில் அதை மாற்றியபோதும் மேக்னத்துக்குப் போகவில்லை. .308 தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைத்தான் கொடுத்தார்கள். நம் எஸ்.எல்.ஆரின் 7.62 தோட்டாவுக்கு உடன்பிறப்பு அது.

ஆகவே மாப்பிள்ளைக்கு நான் சொன்னது: .308 அல்லது .30-06, போல்ட் ஆக்‌ஷன். உடையாமல் ஆழமாக இறங்கும்படி செய்த 180 கிரெய்ன் குண்டு, அதாவது பன்னிரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. டெலஸ்கோப்போடு சேர்த்து நாலு கிலோவுக்குள் இருக்கட்டும். கீழே நிற்கும்போது அரைக்கிலோ தெரியாது, மலை ஏறினால் தெரியும். மழையில் மரக்கட்டை ஊறினால் குறி நகரும். பிளாஸ்டிக் ஸ்டாக் அழகில்லை, ஆனால் நகராது. வண்டியில் குலுங்கிப் போய் இறங்கியதும் ஒரு முறை சுட்டு ஜீரோ பார்க்க வேண்டும்.

கரடிக்கு? இடுப்பில் மிளகாய் ஸ்பிரே. சிரிக்காதீர்கள். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலியவர்கள் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்பிரே பயன்பட்ட சம்பவங்களைத் திரட்டி 2008-இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடி விஷயத்தில் நூற்றுக்கு 92 தடவை அது கரடியை நிறுத்தியிருக்கிறது. தவிர, மூஸ் விழுந்த பிறகுதான் ஆபத்து அதிகம். இரத்த வாடைக்குக் கரடி வரும். ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் வேலை பார்க்காமல் காவல் மட்டும் நிற்க வேண்டும். கறியைச் சீக்கிரம் அங்கிருந்து அகற்ற வேண்டும். அரைகுறையாகக் காயம்பட்ட மூஸ் புதருக்குள் போய்விட்டால், அதைத் தேடி நாம் போவதும் கரடி இருக்கும் அதே புதருக்குள்தான். தோள் தாங்காத துப்பாக்கி அங்கேதான் கொண்டுபோய்விடும். அந்த மிருகம் படும் வேதனையின் பாவம் வேறு.

இதையெல்லாம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "ஹோமம் பண்ணின நாள்ல பேசற பேச்சா இது? போக வேண்டாம்னு சொல்ல வாய் வரலையா?" என்றாள். மகளும் அதே முகத்தோடு நின்றாள்.

அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. நம் நாட்டில் 1972 சட்டம் வேட்டையை மூடியது சரிதான். இங்கே மிச்சமிருப்பது கொஞ்சம். அங்கே எத்தனை மூஸ் சுடலாம் என்று கணக்குப் பார்த்து, குலுக்கல் போட்டு அனுமதி தருகிறார்கள். சுட்டதன் கறியைக் காட்டில் விட்டு வரவும் கூடாது. எனக்கு அதில் ஆசையில்லை. ஆனால் நாற்பது வயது மனிதரைப் போகாதே என்று நான் தடுக்க முடியாது. போகிறவர் ஒழுங்காகப் போக வழி சொல்ல முடியும்.

ஆடி மாதம் மாப்பிள்ளை போன் செய்தார். .308 வாங்கிவிட்டாராம். நண்பர் டம்மி போட்டுக் கொடுத்ததில் முதல் நாள் பரல் குதித்தது, மூன்றாவது வாரம் அசையவில்லை. நூறு மீட்டரில் தாம்பாளம் அளவு வட்டத்துக்குள் உட்கார்ந்தபடி பத்துக்குப் பத்து. நின்றபடி ஆறுதான்.

"நின்னு ஆறுன்னா, நின்னு சுடாதீங்க மாப்ளே" என்றேன்.

"அதுக்கு அவசியமே இல்ல மாமா. இந்த வருஷம் குலுக்கல்ல பேர் விழல."

என் வீட்டுக்காரி அன்று சாயங்காலமே அபிராமி அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நின்றபடி பழக அவருக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.