இந்த டிகிரிக்கு அரியர் கிடையாது!

ஸ்கூல் பயாலஜி டீச்சர் சொன்னது ஞாபகம் இருக்கா பாஸ்? சோத்தை வாயில போட்டு முழுங்காம மென்னுக்கிட்டே இருந்தா இனிக்க ஆரம்பிக்கும். எச்சில்ல இருக்கிற அமைலேஸ் என்சைம் மாவுச்சத்தை வெட்டி சர்க்கரையா மாத்துற கதை. ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டு மறந்திருப்பீங்க. அமெரிக்காவுல அதே கதையை வீட்டு கிச்சன்ல, இருபது லிட்டர் கணக்குல செஞ்சு பார்க்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. ஹோம் ப்ரூயிங்... அதாவது வீட்டிலேயே பீர் தயாரிக்கிறது!

உடனே அண்டாவைத் தூக்காதீங்க. தமிழ்நாட்டுல வீட்ல மது தயாரிக்கிறது 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவுலயும் 21 வயசு ஆகணும். அதனால நாம வெளியில நின்னு, அந்த அண்டாவுக்குள்ளே ஓடுற கெமிஸ்ட்ரியை மட்டும் எட்டிப் பார்ப்போம்.

இதுல ரெண்டு ரூட். டின்னுல கிடைக்கிற மால்ட் சாறை வாங்கித் தண்ணியில கரைச்சுக் கொதிக்க விடறது ஒண்ணு. இன்ஸ்டன்ட் காபி மாதிரி. இன்னொண்ணு, முளைகட்டின பார்லியில இருந்தே ஆரம்பிக்கிறது. இதுக்குப் பேரு 'ஆல் கிரெய்ன்'. கொட்டையை வறுத்து, அரைச்சு, டிகாக்‌ஷன் இறக்கினாத்தான் அது காபின்னு அடம்பிடிக்கிற கும்பகோணத்து மாமாக்கள் மாதிரி இந்த கோஷ்டி.

மால்ட்னா பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நம்ம வீடுகள்ல கைக்குழந்தைக்காக ராகியை ஊறவெச்சு, துணியில கட்டி முளைக்கவிட்டு, காயவெச்சு அரைப்பாங்களே, அதேதான். முளைவிடும்போது தானியத்துக்குள்ளே அமைலேஸ் தயாராகிடுது. முளைகட்டின ராகியில கஞ்சி காய்ச்சினா களி மாதிரி இறுகாம இளக்கமா இருக்கிறதுக்குக் காரணமும் இதுதான். பார்லியில இந்த என்சைம் ரொம்பவே தாராளம்.

இப்ப மெயின் சீன். ஒண்ணும் ரெண்டுமா உடைச்ச பார்லி மால்ட் அஞ்சு கிலோ. கிலோவுக்கு மூணு லிட்டர் வெந்நீர். 73 டிகிரி சூட்டுல இருக்கிற தண்ணி, தானியம் விழுந்ததும் 67-க்கு வந்து நிக்கும். அங்கேயே ஒரு மணி நேரம் நிக்கணும். மொத்த வித்தையும் இந்த ஒரு மணி நேரத்துலதான்.

ஏன்னா, உள்ளே வேலை பார்க்கிறது ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர். பீட்டா அமைலேஸ் 60-ல இருந்து 65 டிகிரிக்குள்ளே சுறுசுறுப்பு. மாவுச்சத்துச் சங்கிலியை நுனியில இருந்து பொறுமையா, சின்னச் சின்ன சர்க்கரையா நறுக்கும். அதை ஈஸ்ட் மிச்சம் வைக்காம தின்னுடும். ஆல்பா அமைலேஸ் 70 டிகிரிக்குப் பக்கத்துல குஷியாகிற ஆளு. நடுவுல புகுந்து கண்டபடி வெட்டும். மிஞ்சற பெரிய துண்டுகளை ஈஸ்ட்டால தின்ன முடியாது. அதனால 64-ல வெச்சா ஒரு பீர், 69-ல வெச்சா வேற பீர். அதே பார்லி, அதே தண்ணி, ஆனா முதலாவது லேசா இருக்கும், ரெண்டாவது கனமா நாக்குல நிக்கும். கவனம் பிசகி 80-ஐத் தாண்டிட்டா ரெண்டு பேரும் காலி. ஆறவெச்சாலும் திரும்ப வரமாட்டாங்க. அரியர் எழுதவெல்லாம் சான்ஸே கிடையாது!

மாவுச்சத்து மிச்சமிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அதுக்கும் நம்ம ஸ்கூல் லேப்தான். ஒரு சொட்டு அயோடின். கருநீலம் ஆச்சுன்னா இன்னும் வேலை பாக்கி.

ஃபேக்டரியில சூட்டை நிறுத்திவைக்க பெரிய மெஷின்கள் உண்டு. வீட்ல? பிக்னிக்குக்குக் கொண்டுபோற ஐஸ் பெட்டி! ஐஸை உருகவிடாம வைக்கிற பெட்டி சூட்டையும் ஆறவிடாதுதானே? பிளம்பிங் கடையில கிடைக்கிற ஸ்டீல் வலை போட்ட ஹோஸ்ல, உள்ளே இருக்கிற ரப்பரை உருவிட்டா அதுதான் ஃபில்டர். 2000-கள்ல ஆஸ்திரேலியாக்காரங்க இதையும் கழட்டிப் போட்டுட்டாங்க. ஒரே அண்டா, அதுக்குள்ளே ஒரு பெரிய துணிப்பை. பார்லியைப் பையோட முக்கி, ஒரு மணி நேரம் கழிச்சுப் பையோட தூக்கிடறது. டீக்கடை மாஸ்டருக்கு இதெல்லாம் ஜுஜுபி.

மீதியைச் சுருக்கமா சொல்லிடறேன். வடிஞ்ச இனிப்புத் தண்ணியை ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவாங்க. கசப்புக்கு ஹாப்ஸ்னு ஒரு கொடியோட பூ. வேகமா ஆறவெச்சு ஈஸ்ட் போட்டு, 20 டிகிரியில ரெண்டு வாரம். கொதி அடங்கின பிறகு தொடுற ஒவ்வொரு கரண்டியும் கிருமிநாசினியில குளிச்சிருக்கணும், இல்லேன்னா ஈஸ்ட்டுக்கு முன்னாடி பாக்டீரியா பந்திக்கு உட்கார்ந்துடும். பாட்டில்ல கேஸ் வர்றதுக்காக இருபது லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை போடுவாங்க. கை தாராளமாகி அள்ளிப் போட்டா, பாட்டில் வெடிச்சுக் கண்ணாடி பறக்கும். ஜோக் இல்லை, நிஜம்.

இத்தனையும் அமெரிக்காவுலயே ஒரு காலத்துல திருட்டு வேலை! 1920-ல வந்த மதுவிலக்கு 1933-ல போச்சு. வீட்ல ஒயின் செய்ய அனுமதி கொடுத்தவங்க பீரை விட்டுட்டாங்க. 1978 அக்டோபர்ல ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்து போட்ட பிறகுதான் விடிவு. அதுவும் லாரி, பஸ் வரி பத்தின சட்டத்துல ஒரு ஓரமா சொருகின பிரிவு! ஆள் தனியா இருந்தா வருஷத்துக்கு 100 கேலன், வீட்ல ரெண்டு பெரியவங்க இருந்தா 200. அலபாமாவும் மிசிசிப்பியும் மட்டும் 2013 வரைக்கும் முறைச்சுக்கிட்டு நின்னது தனிக் கதை.

சட்டம் வர்றதுக்கு முன்னாடியே கொலராடோவுல இதுக்கு கிளாஸ் எடுத்துக்கிட்டு இருந்தவர் சார்லி பபாஸியன். படிச்சது நியூக்ளியர் இன்ஜினியரிங்! 1984-ல அவர் எழுதின புத்தகம்தான் பல வீட்டு கிச்சன்களுக்கு கைடு.

கலிஃபோர்னியாவுல சீக்கோன்னு ஒரு காலேஜ் டவுன். அங்கே கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் படிச்ச கென் கிராஸ்மன் 1976-ல ஹோம் ப்ரூயிங் சாமான் கடை போட்டார். அப்புறம் சொந்தமா ப்ரூவரி கட்ட ஆசை. காசு இல்லை. பழைய பால் பண்ணைகள் கழிச்சுக்கட்டின டாங்குகளைத் தேடிப் பிடிச்சு, வெல்டிங்கும் தானே பண்ணி, சொந்தக்காரங்க, நண்பர்கள்கிட்ட கடன் வாங்கி, பார்ட்னரோட 1980 நவம்பர்ல 'சியரா நெவாடா'வுல முதல் அண்டாவை ஏத்தினார். அப்போ நாடு முழுக்க நூறு ப்ரூவரிகூட இல்லை. இப்போ ஒன்பதாயிரத்துக்கும் மேல. ஆனா ஆரம்பத்துல போட்ட பேல் ஏல் பேட்ச்கள், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வரலை. குடிக்கிற மாதிரிதான் இருந்தது, வித்திருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கடன் கழுத்தை நெரிக்கிற நேரத்துல, மனுஷன் அத்தனையையும் சாக்கடையில கொட்டிட்டு, மறுபடியும் தண்ணியைச் சுடவெச்சார்.