மை பூசாத ஏடு

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அவசரகால ஒத்திகைகளைக் குறை சொல்பவர்களுக்குப் பதில் சொல்வதாக, இலங்கையின் மாத்தளையில் ஒரு கூட்டத்தில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். பெயர் வேண்டாம், வாதம் போதும். “அலுவிகாரைக்காரருக்கு எழுத்தின் பெருமையை நான் சொல்ல வேண்டுமா? கூடங்குளத்திலும் எல்லாம் எழுத்தில் இருக்கிறது” என்று தொடங்கி, மூன்று நியாயங்களை அடுக்கினார். ஒத்திகையில் தகவல் பிசகினால் அது தோல்வியல்ல, பிசகு தெரிந்ததே வெற்றி. மக்களிடம் அதிகம் சொன்னால் பீதிதான் மிஞ்சும். அணுவுலையே இல்லாத நாட்டில், மலைக்குள் இருக்கிற உங்களுக்கு இதில் என்ன வேலை?

பிசகு தெரிந்ததே வெற்றியாம். 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் நடந்ததும் ஒத்திகைதான். ஒத்திகையை நிஜமென்று எண்ணிய ஊழியர் ஒருவர், ஏவுகணை வருகிறது என்று ஊருக்கே செய்தி அனுப்பினார். அது பொய் என்று கைத்தொலைபேசிகளுக்குச் சொல்ல 38 நிமிடம் பிடித்தது. 2020 ஜனவரி 12 அன்று கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்தில் விபத்து என்று ஒன்ராறியோ மாகாணம் முழுக்கச் செய்தி பறந்தது. வழக்கமான பரிசோதனையில் நேர்ந்த தவறு. அது சில நிமிடங்களிலேயே தெரிந்தும், திருத்தம் கைத்தொலைபேசிக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் அந்த இரண்டு இடத்திலும் விசாரித்தார்கள், அறிக்கையை ஊரறிய வெளியிட்டார்கள். பிசகை வெற்றி என்று சொல்ல விரும்புகிறவர் முதலில் அந்தப் பிசகை வெளியே சொல்ல வேண்டும்.

கூடங்குளத்துக்கு வருவோம். அணுவுலைக்கு வெளியேயான முதல் ஒத்திகை 2012 ஜூன் 9 அன்று நக்கனேரியில் நடந்தது. நிலையத்திலிருந்து சுமார் 7 கிலோமீற்றரில் உள்ள சிறு கிராமம். அதைவிட அருகில், ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழும், அணுவுலை எதிர்ப்புப் போராட்டத்தின் மையமான இடிந்தகரை இருந்தது. அங்கே நடத்தவில்லை. கேள்வி கேட்கிற ஊரை விட்டுவிட்டு நடத்துகிற ஒத்திகையில் பிசகு எங்கிருந்து தெரியும்? அதே ஆண்டு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பற்றிய இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும், நிலையங்களுக்கு வெளியேயான ஒத்திகைகள் போதிய ஆயத்தமின்மையையே காட்டுகின்றன என்றது. தணிக்கையாளரையும் பீதி கிளப்புகிறவர் பட்டியலில் சேர்த்துவிடுவாரோ?

பீதி என்றாரே, சொல்லாமல் விட்டதன் விலையை நமியே ஊர்க்காரரிடம் கேட்கட்டும். 2011 மார்ச்சில் புகுஷிமா அணுவுலை விபத்தின்போது, வெளியேறும்படி வந்த உத்தரவே அந்த ஊருக்குத் தொலைக்காட்சியில்தான் தெரிந்தது. மக்கள் வடமேற்கே சுஷிமாவுக்குப் போனார்கள். கதிர்வீச்சு மேகமும் அந்தப் பக்கமே போனது. அது போகும் திசையைக் கணிக்கும் ‘ஸ்பீடி’ என்ற கணினி அமைப்பு அரசிடம் இருந்தது; கணிப்பு ஊருக்கு வந்து சேரவில்லை. உலையிலிருந்து 5 கிலோமீற்றரில் நின்ற அவசரகால நிலையத்திலோ தொலைபேசி இணைப்புகள் அறுந்திருந்தன, காற்றை வடிகட்டும் வசதி கிடையாது. ஜப்பான் ஒத்திகைக்குப் பேர்போன நாடு, ஐயா.

இனி, நமக்கு என்ன வேலை என்ற கேள்வி. கற்பிட்டிக் கரைக்கும் கூடங்குளத்துக்கும் இடையே கடல்வழி சுமார் 225 கிலோமீற்றர். சம்பந்தமே இல்லையென்றால் இலங்கை அணுசக்திச் சபை கரையோரங்களில் கதிர்வீச்சு அளக்கும் கருவிகளை ஏன் வைத்தது? 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஏன்?

கருவி அளக்கும். அளந்ததை யாருக்கு, எந்த மொழியில் சொல்வது? நம் மலையகத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியபோதும் சனம் லயத்தில்தான் இருந்தது. போக மாற்றிடம் இல்லாதவருக்குச் சொன்ன எச்சரிக்கை, எச்சரிக்கையாகுமா? மலையாவது சரியும் முன் வெடிப்புக் காட்டும், ஊற்று கலங்கும். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. அங்கே சனத்துக்குச் சொல் ஒன்றுதான் சைரன்.

ஒரு மழைக்காலத்தில், இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் வயதான அம்மா ஒருத்தி தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “என்னா தம்பி போட்டிருக்கு, கடன் கட்டச் சொல்றாங்களா?” சிங்களத்தில் மட்டும் வந்திருந்த மண்சரிவுச் செய்தி அது. அனுப்பியவர் கணக்கில் அந்த அம்மாவுக்கு ‘அறிவித்தாயிற்று’. கூடங்குளத்துச் செய்தி நாளை கடல் தாண்டி வந்தாலும் அதே கைத்தொலைபேசிக்குத்தான் வரவேண்டும்.

எழுத்தின் பெருமை பேசினாரே, அதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. வாய்வழி வந்த திரிபிடகத்தை, பஞ்சத்திலும் போரிலும் மனனம் செய்தவர்கள் மாண்டால் போய்விடும் என்ற பயத்தில் ஏட்டில் ஏற்றிய இடம் அலுவிகாரை. விகாரையில் இன்றும் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி ஓலையைக் கீறுகிறது, ஆனால் எழுத்து தெரியாது. கரிய மையைத் தேய்த்துத் துடைத்த பிறகுதான் ஓலை பேசும். ஒத்திகைத் திட்டம் கீறிய ஓலை. இடிந்தகரையின் கடைசி வீட்டுக் கிழவியிடம், “என்ன கேட்டது, எப்போது கேட்டது, எங்கே போவீர்கள்?” என்று விசாரித்து, அவர் சொன்ன பதிலை அப்படியே அச்சிடுவதுதான் மை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தச் சுரைக்காயும் கண்ணுக்குத் தெரியாத ஏடு இது. பொறியியலாளர் ஒருநாள் விகாரைப் பக்கம் வரட்டும். மை பூசும் முன் ஓலையை நீட்டுகிறோம், வாசித்துக் காட்டட்டும்.