மைக்ரோகிராமுக்கு அஞ்சி மில்லிகிராமை விழுங்குவதா?

வீசிங் என்று வருபவருக்கு ஓர் ஊசி, மூன்று நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை, கூடவே "பம்ப் வேண்டாம், பழகிவிடும்" என்றொரு புத்திமதி. நம் ஊர்க் கிளினிக்குகள் பலவற்றில் ஆஸ்துமா வைத்தியம் இன்னும் இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது. இதை அறியாமை என்று இனியும் மன்னிப்பதற்கில்லை.

பியூடசோனைடு என்னும் ஸ்டீராய்டு இன்ஹேலரில் ஓர் இழுப்பு 200 மைக்ரோகிராம். பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டின் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 5,000 மைக்ரோகிராம். வீரியம் மருந்துக்கு மருந்து மாறும் என்பதால் இது துல்லியமான தராசு அல்ல. ஆனால் முன்னது பெரும்பாலும் மூச்சுக்குழாயில் வேலை செய்கிறது. பின்னது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் ஓடுகிறது. ஸ்டீராய்டு என்றதும் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டவர்தான், சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கி, சர்க்கரையையும் எலும்புத் தேய்மானத்தையும் கண்புரையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்.

இன்ஹேலருக்கும் பக்கவிளைவு உண்டு. சிறுவயதில் சில ஆண்டுகள் தினமும் பியூடசோனைடு இழுத்தவர்கள் வளர்ந்தபின் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்ததை அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-இல் காட்டியது. மறைக்க வேண்டியதில்லை. அதே மூச்சில் இதையும் சொல்லுங்கள்: 2000-இல் வெளியான கனடா ஆய்வில், ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது.

அடுத்த குற்றவாளி மெடிக்கல் ஷாப். ஃப்ளூட்டிகசோன் என்னும் இன்னொரு ஸ்டீராய்டு இன்ஹேலரை 250 மைக்ரோகிராமில் கேட்டால், "அது இல்லை, இது 200, எல்லாம் ஒன்றுதான்" என்று பியூடசோனைடை எடுத்து நீட்டுகிறார்கள். ஒன்றல்ல. ஃப்ளூட்டிகசோன் 250-க்கு ஈடாகப் பியூடசோனைடு சுமார் 400 வேண்டும். நோயாளிக்குப் பாதி மருந்துதான் போகிறது. பெக்ளோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இன்ஹேலரில் இன்னும் குழப்பம்: நுண்துகளாக வரும் தயாரிப்புக்குச் சாதாரணத் தயாரிப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வீரியம். அதனால்தான் பிரிட்டனில் 2008-இலேயே அந்த இன்ஹேலரைப் பிராண்டு பெயர் குறித்து எழுதச் சொல்லிவிட்டார்கள். கருவி மாறினால் இழுக்கும் விதமும் மாறும்: ஸ்பிரே என்றால் மெதுவாக, ஆழமாக, பொடி என்றால் வேகமாக. சொல்லித்தர ஆளில்லாமல் இழுக்க வேண்டிய பொடி அடைத்த ரோட்டாகேப்பைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், தவறு அவர்களுடையதல்ல.

சரியான அளவில், சரியான முறையில் இழுத்தால் இந்த ஸ்டீராய்டுகளுக்கிடையே பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. எது உசத்தி என்ற பட்டிமன்றம் போதும்.

திணறலை உடனே தணிக்கும் சால்பூட்டமால் மட்டும் கொடுத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று ஜினா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-இலேயே அறிவித்துவிட்டது. இந்திய அரசின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பியூடசோனைடு இருக்கிறது. பட்டியலில் இருப்பது ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியிலும், மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் குழலோடு, மாதம் தவறாமல் இருக்க வேண்டும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை விற்கும் கடைகள் மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் இன்ஹேலரை மாற்றித் தருவதை மருந்தாளுநர்கள் இன்றே நிறுத்த வேண்டும்.